ஆண் கூலி, பெண் கூலி: இலக்கியத்தில் ஏறாத ஒரு கணக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் தோட்டங்களிலே கூலி பேசப்படும் முறையைக் கவனித்தவர்களுக்கு ஓர் உண்மை புலனாகும். 'இந்த வேலைக்கு இவ்வளவு' என்று அங்கு பேசப்படுவது அரிது. 'ஆம்பிளைக் கூலி', 'பொம்பிளைக் கூலி' என்ற இரண்டு சொற்களே வழக்கில் ஓங்கி நிற்கின்றன. கூலி என்பது உழைப்புக்குரிய விலை என்று பொருளியல் நூல்கள் கூறும். இவ்வழக்கிலோ அது உழைப்பின் பெயரால் வழங்காது உழைப்பவரின் பாலின் பெயரால் வழங்குகிறது. களத்தில் இறங்குமுன்னரே, கையில் எந்தக் கருவியை எடுப்பார் என்று தெரியுமுன்னரே, ஒருவரது நாட்கூலி முடிவாகிவிடுகிறது. எமது பேச்சுமொழி இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லும் இவ்வுண்மையை எமது இலக்கியம் எவ்வளவு தூரம் கண்டு கூறியுள்ளது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கியத்துக்குச் செல்லுமுன் வாழ்க்கையைப் பார்த்தல் வேண்டும். 'சம வேலைக்குச் சம ஊதியம்' என்பது நாம் அனைவரும் நன்கறிந்த சுலோகம். மே தின ஊர்வலங்களில் அது பல்லாண்டுகளாக ஒலித்து வருகிறது. ஆனால் சர்வதேசத் தொழிற் தாபனம் 1951 ஆம் ஆண்டில் நிறைவேற்றிய 100 ஆம் இலக்கச் சமவாயம் இச்சுலோகத்தைவிட ஒருபடி மேலே சென்றது. சம வேலை என்று மட்டும் கூறாது, சம பெறுமதியுடைய வேலைக்குச் சம ஊதியம் என்று அது விதித்தது. இந்தியா 1958 இலும், இலங்கை 1993 இலும் அதனை ஏற்றுக் கையொப்பமிட்டன. 'சம வேலை' என்பதற்கும் 'சம பெறுமதியுடைய வேலை' என்பதற்கும் இடையிலுள்ள வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சிக்குரியது என்று எவரும் எண்ணிவிடலாகாது. குடாநாட்டுப் பெண்ணின் கூலி முழுவதும் அந்த இடைவெளியிலேதான் மறைந்து கிடக்கிறது.

எங்ஙனம் என்று பார்ப்போம். தோட்டத்தைக் கொத்துதல், பாத்தி கட்டுதல், நீர் இறைத்தல், மருந்து தெளித்தல் என்பன பொதுவாக ஆணின் வேலைகளாக வகுக்கப்பட்டுள்ளன. வெங்காயம் நடுதல், களை பிடுங்குதல், விளைந்த வெங்காயத்தைப் பிடுங்கிப் பிடி கட்டுதல், மிளகாய்ப்பழம் ஆய்தல் என்பன பெண்ணின் வேலைகள். இருவரும் ஒரே வேலையைச் செய்வது அருமை. ஆகவே சம வேலைக்குச் சம ஊதியம் என்ற கோரிக்கையைத் தோட்டக்காரர் எவரும் மறுக்கவேண்டிய தேவையே எழுவதில்லை. 'அவள் மண்வெட்டி பிடிக்கட்டும். அந்தக் கூலியைக் கொடுக்கிறேன்' என்று அவர் அமைதியாகக் கூறிவிடலாம். சுலோகமும் தோற்காது, கூலியும் ஏறாது.

கொத்துவது கடினமான வேலை, களை பிடுங்குவது இலகுவான வேலை; எனவே கூலி வேறுபடுவது இயல்பு என்று வாதிப்போர் உளர். இவ்வாதத்தை நாம் அலட்சியஞ் செய்யவில்லை. மண்வெட்டி வேலைக்கு உடல்வலு வேண்டும் என்பது உண்மையே. ஆயின் உடல்வலுவொன்றே கூலியின் அளவுகோல் என்றால், காரியாலயத்தில் அமர்ந்திருப்பவரின் சம்பளம் தோட்டக் கூலியிலும் எத்தனையோ மடங்கு தாழ்ந்திருக்க வேண்டுமே! பகல் முழுவதும் வெயிலில் முதுகை வளைத்துக் குந்தியிருந்து, பயிரையும் களையையும் பிரித்தறிந்து, பயிரின் வேர் அறாது களையை மட்டும் எடுப்பதற்கு வேண்டிய பொறுமையும் விரல் நுட்பமும் எந்த அளவுகோலிலே அளக்கப்பட்டன? இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. துலா மிதித்து நீர் இறைத்த காலத்தில் இறைப்பு வேலை கடும் உழைப்பாக இருந்தது. நீரிறைக்கும் இயந்திரங்கள் வந்த பின்னர் அந்தப் பளு பெரிதும் குறைந்தது. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க, பாத்திக்குப் பாத்தி நீரைத் திருப்பிவிடுவதே வேலையாயிற்று. வேலை இலகுவானதும் அதற்குரிய கூலி பெண் கூலியாகிவிட்டதா? இல்லை. செய்பவர் ஆணாக இருக்கும்வரை அது ஆண் கூலியாகவே நின்றது. ஆகவே பளுதான் கூலியை நிர்ணயிக்கிறது என்ற கூற்று, பெண்ணின் கூலியைக் குறைக்கும்போது மட்டும் நினைவுக்கு வரும் கூற்றாகும்.

சொந்தத் தோட்டத்தில் பாடுபடும் பெண்ணின் நிலையோ வேறு. அவளுக்குக் குறைந்த கூலிகூட இல்லை. புள்ளிவிபரவியலார் அவளை 'ஊதியம் பெறாத குடும்பத் தொழிலாளி' என்ற வகையில் சேர்ப்பர். காணியற்ற குடும்பத்துப் பெண் குறைகூலிக்கும், காணியுடைய குடும்பத்துப் பெண் கூலியின்றியும் உழைக்கும் ஒரு பொருளாதாரத்தையே 'யாழ்ப்பாணத்தானின் உழைப்பு' என்று நாம் பெருமையோடு பேசி வந்திருக்கிறோம். அச்சொல்லின் ஆண்பால் விகுதி தற்செயலானதன்று.

கூலி வீதத்தைச் சமமாக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? இதற்கு விடை காண மலையகத்தின் அனுபவத்தை நோக்குதல் நலம். ஏனெனில், இந்நாட்டின் தமிழ் உழைப்பாளரில் இக்கோரிக்கையை முன்வைத்துப் போராடி வென்றவர்கள் பெருந்தோட்டத் தொழிலாளரே. 1927 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட குறைந்தபட்ச வேதனச் சட்டத்தின் கீழ், இந்தியத் தொழிலாளருக்கு ஆண், பெண், சிறுவர் என மூன்று தனித்தனி வீதங்கள் விதிக்கப்பட்டன. பெண்ணின் உழைப்பு மலிவானது என்பதைச் சட்டமே எழுத்தில் பொறித்துக் கொடுத்தது. அந்தப் பொறிப்பு அழிவதற்கு 57 ஆண்டுகள் சென்றன. 1984 இல் தோட்டத் தொழிலாளர் நடத்திய பெரும் வேலைநிறுத்தத்தின் பயனாகவே ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் கிடைத்தது. இது மகத்தான வெற்றி என்பதில் ஐயமில்லை. ஆயினும் வெற்றிக்குப் பின்னரும் ஆண் தனக்கு வகுக்கப்பட்ட அளவு வேலையை முடித்துக்கொண்டு பிற்பகலிலேயே லயத்துக்குத் திரும்பிவிட, பெண் மாலைவரை மலையில் கொழுந்து பறித்து, நிறுவைக்கு நின்று, பின்னர் வீடு திரும்பி அடுப்பை மூட்டும் நிலையே நீடித்தது. சம்பளம் ஒன்றாயிற்று, வேலைநாள் ஒன்றாகவில்லை. வேலையின் பெறுமதியை அளப்பது யார் என்ற கேள்வியைத் தொடாமல் வீதத்தை மட்டும் திருத்துவது பாதி வெற்றியே என்பதை மலையகம் எமக்குக் கற்பிக்கிறது.

குடாநாட்டிலோ அப்பாதி வெற்றியும் இன்னும் கிட்டவில்லை. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை பால் காரணமாக எவருக்கும் பாரபட்சம் காட்டலாகாது என்கிறது. ஆனால் அதன் கீழ் நீதிமன்றம் செல்வதற்கு அரசின் செயலே காரணமாக இருத்தல் வேண்டும். வேலியோரத்தில் வாய்மொழியாக முடியும் கூலிப் பேச்சை அது எட்டுவதில்லை. 2016 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் ஆண் வீதம், பெண் வீதம் என்று பிரிக்கவில்லை. எனினும் பதிவேடும் சம்பளச் சீட்டும் இல்லாத தோட்டத்தில் அச்சட்டத்தை எவரிடம் காட்டுவது?

'ஆண் குடும்பத்தைத் தாங்குபவன். பெண்ணின் கூலி மேலதிக வருமானம்' என்பது இவ்வேற்றத்தாழ்வுக்குக் கூறப்படும் மற்றொரு நியாயம். அமைதிக் காலத்திலேயே இது அரை உண்மைதான். போருக்குப் பின்னரோ முழுப்பொய்யாகிவிட்டது. 2010 இல் அரசாங்கத்தின் பிரதியமைச்சர் ஒருவர் வெளியிட்ட கணக்கின்படி வடக்கில் 40,000, கிழக்கில் 49,000 என விதவைகளின் தொகை இருந்தது. இக்குடும்பங்களின் அடுப்பு எரிவது பெண்ணின் கூலியினாலேயாகும். குடும்பத்தைத் தாங்குபவருக்குக் கூடிய கூலி என்பது உண்மையான கொள்கையாக இருந்திருந்தால், இப்பெண்களின் கூலி அன்றே உயர்ந்திருக்க வேண்டும். உயரவில்லை. காரணம் கொள்கையன்று, வசதி என்பது இதனாற் தெளிவாகிறது.

எமது வாசகருட் பெரும்பாலோர் ஆசிரியர்களும் மாணவர்களுமாவர். அரசாங்கப் பாடசாலைகளில் ஆசிரியருக்கும் ஆசிரியைக்கும் ஒரே சம்பள அளவுத்திட்டம் உண்டு. ஆகையால் இது தம்மைச் சாராத பிரச்சினை என்று அவர்கள் கருதக்கூடும். அவர்கள் தமது பாடசாலைக்கு அண்மையிலுள்ள முன்பள்ளியைச் சற்றே எட்டிப் பார்ப்பாராக. அங்கு கற்பிப்போர் ஏறத்தாழ அனைவரும் பெண்கள். அவர்களிற் பலர் பெறுவது சம்பளம் என்று அழைக்கப்படுவதில்லை. 'கொடுப்பனவு' என்றே அழைக்கப்படுகிறது. சம்பளம் உரிமை, கொடுப்பனவு தயவு. குழந்தைக்கு முதலெழுத்தைக் கற்பிக்கும் வேலை தாய்மையின் நீட்சி என்று போற்றப்படுகிறது. போற்றப்படுவதாலேயே அது மலிவாகிறது. வேலையைப் பிரித்து, பெண்ணுக்கென்று ஒதுக்கி, ஒதுக்கியதற்குச் சிறுபெயரிட்டு, சிறுபெயருக்கேற்பச் சிறுதொகை கொடுக்கும் இம்முறை தோட்டத்திலும் வகுப்பறையிலும் ஒன்றே.

இம்முறையின் இயல்பை மிகத் தெளிவாகக் காட்டும் களம் விளையாட்டு மைதானமாகும். இன்று உலகெங்கும் சம ஊதியம் பற்றிய வாதம் அங்கேதான் உரத்து நடைபெறுகிறது. ஐக்கிய அமெரிக்காவின் பகிரங்க டெனிஸ் போட்டி 1973 இலேயே ஆண்களுக்கும் பெண்களுக்கும் சம பரிசுத்தொகை வழங்கத் தொடங்கியது. விம்பிள்டன் அதனைப் பின்பற்ற 2007 வரை காத்திருந்தது. உதைபந்தாட்ட உலகக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டால், 2022 இல் ஆண்களுக்கான மொத்தப் பரிசுத்தொகை 440 மில்லியன் டொலர். 2023 இல் பெண்களுக்கு 110 மில்லியன். எமது அயலில், இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டுச் சபை 2022 இல் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சமமான போட்டிக் கட்டணத்தை அறிவித்தது. சர்வதேசக் கிரிக்கெட் சபை 2023 இல் தனது போட்டித் தொடர்களுக்குச் சம பரிசுத்தொகையை அறிவித்தது. இவையெல்லாம் வரவேற்கத்தக்கவை. ஆயினும் அதே இந்தியச் சபையின் 2022-23 ஆண்டு ஒப்பந்தங்களில் ஆண்களின் அதியுயர் தரத்துக்கு 7 கோடி ரூபாயும் பெண்களின் அதியுயர் தரத்துக்கு 50 இலட்சமும் வகுக்கப்பட்டிருந்தன. போட்டிக்கு ஒரே கட்டணம். ஆண்டுக்கோ பதினான்கு மடங்கு வேறுபாடு. மலையகத்தில் கண்ட பாதி வெற்றியை இங்கும் காண்கிறோம்.

'பெண்களின் ஆட்டத்தைப் பார்க்கக் கூட்டம் வருவதில்லை. சந்தை கொடுக்காததைச் சபை எங்ஙனம் கொடுக்கும்?' என்று கேட்பர். சந்தை வானத்திலிருந்து இறங்கியது போன்று பேசுவது முதலாளித்துவப் பொருளியலின் பழைய வழக்கம். வரலாறு வேறு கதை சொல்கிறது. 1920 டிசம்பரில் லிவர்பூல் நகரின் குடிசன் பார்க் மைதானத்தில் நடைபெற்ற பெண்களின் உதைபந்தாட்டப் போட்டியொன்றுக்கு 53,000 பேர் திரண்டனர். அடுத்த ஆண்டே இங்கிலாந்தின் உதைபந்தாட்டச் சங்கம், இவ்வாட்டம் பெண்களுக்கு ஏற்றதன்று எனக் கூறி, தனது சங்கங்களின் மைதானங்களில் அவர்கள் ஆடுவதைத் தடைசெய்தது. அத்தடை ஏறக்குறைய 50 ஆண்டுகள் நீடித்தது. கூட்டம் இல்லாமையால் ஆட்டம் அழியவில்லை; ஆட்டத்தை அழித்தமையால் கூட்டம் கலைந்தது. பின்னர் அக்கூட்டமின்மையே குறைந்த ஊதியத்துக்குச் சாட்சியாக அழைக்கப்பட்டது.

குடாநாட்டில் எவரும் இத்தகைய தடை விதிக்கவில்லை. விதிக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் மோதும் துடுப்பாட்டப் போட்டி 1904 இல் ஆரம்பமானது. 'வடக்கின் பெருஞ்சமர்' என்ற பெயர், பழைய மாணவர் சங்கங்களின் பணம், பத்திரிகைகளின் சிறப்புப் பக்கங்கள், ஊர்வலம், வாத்தியம், தலைமுறை தலைமுறையாகக் கூறப்பட்டு வரும் கதைகள் எனப் பல சேர்ந்து ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அப்போட்டிக்குப் பெறுமதியை ஊட்டி வளர்த்துள்ளன. நாம் அதனைக் குறை கூறவில்லை. பெறுமதி என்பது இவ்வாறுதான் ஆக்கப்படுகிறது, தானாக விளைவதில்லை என்பதையே சுட்ட விரும்புகிறோம். 2020 இல் ஆரம்பமான லங்கா பிரீமியர் லீக் போட்டியில் யாழ்ப்பாணத்தின் பெயரைத் தாங்கிய அணி ஆண்களின் அணியே.

இதனோடு வலைப்பந்தாட்டத்தை ஒப்பிடுவோம். எமது பாடசாலைகளில் அது பெண்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட ஆட்டம். குடாநாட்டிற் பிறந்த தர்ஜினி சிவலிங்கம் இலங்கை அணியின் பிரதான கோல் எய்பவராக விளங்கியவர். 2009 இலும் 2018 இலும் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றபோது அவ்வணியில் இருந்தவர். அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரக் கழகமொன்றுக்கும் ஆடியவர். இந்நாட்டின் ஆண் துடுப்பாட்ட வீரர் ஒருவர் ஆசியக் கிண்ணத்தை இருமுறை வென்றிருந்தால், ஆட்டமே அவருக்குச் சீவனோபாயமாகியிருக்கும். இலங்கையின் வலைப்பந்தாட்ட வீராங்கனைகளுக்கோ வங்கியிலோ வர்த்தக நிறுவனத்திலோ பெறும் உத்தியோகமே சீவனம். தர்ஜினியும் வங்கியொன்றின் அணிக்காக ஆடியவரே. ஆட்டம் அவர்களது தொழிலுக்கு அப்பாலுள்ள தொண்டு.

இங்கே 'சம வேலைக்குச் சம ஊதியம்' என்று கேட்க முயன்று பாருங்கள். யாருடைய ஊதியத்துக்குச் சமமாக? வலைப்பந்தாட்டத்தில் ஒப்பிடுவதற்கு ஆண் வீரன் இல்லை. களை பிடுங்கும் வரிசையில் ஒப்பிடுவதற்கு ஆண் கூலியாள் இல்லாதது போலவே, முன்பள்ளியில் ஒப்பிடுவதற்கு ஆண் ஆசிரியர் இல்லாதது போலவே, இங்கும் இல்லை. துடுப்பாட்டத்தில் ஆணும் பெண்ணும் ஒரே ஆட்டத்தை ஆடுவதால் ஒப்பீடு எழுகிறது. ஒப்பீடு எழுவதால் வெட்கம் எழுகிறது. வெட்கத்தால் சிறிது நீதியும் பிறக்கிறது. முற்றாகப் பெண்ணுக்கென்று ஒதுக்கப்பட்ட களத்தில் அந்த வெட்கத்துக்கும் இடமில்லை. ஆகவேதான் 'சம பெறுமதி' என்ற சொல்லை நாம் வற்புறுத்துகிறோம்.

பெறுமதி ஆக்கப்படுவது என்றால், அதனை ஆக்கும் கருவிகளுள் இலக்கியமும் ஒன்று. எந்த உழைப்பு பாடப்படுகிறது, எவருடைய வியர்வை கதையாகிறது என்பதைப் பொறுத்தே சமுதாயம் உழைப்பை மதிக்கக் கற்கிறது. இந்த அளவுகோலைக் கொண்டு எமது இலக்கியத்தை நோக்குவோம்.

உழைக்கும் பெண் தமிழிலக்கியத்துக்குப் புதியவள் அல்லள். பள்ளு நூல்களில் அவள் வயல் நிறைந்து நிற்கிறாள். யாழ்ப்பாணத்து நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் பாடிய பறாளை விநாயகர் பள்ளும் அம்மரபைச் சேர்ந்ததே. விதை வகை, மாட்டு வகை, உழவு, நடுகை, அறுவடை எனத் தொழிலின் படிகள் அனைத்தையும் பள்ளு வரிசைப்படுத்தும். விளைந்த நெல்லுக்குக் கணக்குக் கூறுதலும் அதன் உறுப்புகளுள் ஒன்று. ஆனால் அக்கணக்கு பண்ணைக்காரனுக்கும் பள்ளனுக்கும் இடையில் நடப்பது. நாற்று நட்ட பள்ளியரின் பங்கு அக்கணக்கில் தனியே எழுவதில்லை. அவர்கள் ஒருவனுக்காக ஏசிக்கொள்ளும் மூத்தவளும் இளையவளுமாகவே கவிஞரால் காணப்பட்டனர். உழைப்பு களத்தில், பெண்ணோ சக்களத்திப் பூசலில்! கூலிக்கணக்கிலிருந்து பெண்ணை அகற்றும் கலை இத்துணைப் பழமையுடையது.

நவீன இலக்கியத்தின் வரவோடு நிலைமை ஓரளவு மாறியது. 1914 இல் மங்களநாயகம் தம்பையாவின் 'நொறுங்குண்ட இருதயம்' வெளிவந்தபோது யாழ்ப்பாணத்துப் பெண்ணொருத்தி நாவலாசிரியையாக முன்வந்தாள். இல்லறத்தில் பெண் படும் துயரத்தை அந்நூல் எடுத்துரைத்தது. ஆனால் அது படித்த குடும்பத்தின் துயரம்; கூலிக்காரியின் உலகம் அதன் வேலிக்கு அப்பால் இருந்தது. அக்காலத்தில் படித்த குடும்பங்களின் கவலையெல்லாம் சீதனமும் சொத்துமே. 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள் கட்டளைச் சட்டம், மனைவி தன் காணியை விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டுமென விதித்தமை இங்கு நினைவுகூரத்தக்கது. பெண் சொத்தைக் கொண்டுவருபவளாக எண்ணப்பட்டாளேயன்றிச் சொத்தை உண்டாக்குபவளாக எண்ணப்படவில்லை.

1950 களிலும் 60 களிலும் எழுந்த முற்போக்கு இலக்கியம் இவ்வேலியை உடைத்தது. டொமினிக் ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' 1960 இலும், செ. கணேசலிங்கனின் 'நீண்ட பயணம்' 1965 இலும், கே. டானியலின் 'பஞ்சமர்' 1972 இலும் வெளிவந்தன. இவை யாழ்ப்பாணத்து வாழ்வின் அடிநிலையை இலக்கியத்தின் நடுவிடத்துக்குக் கொண்டுவந்த படைப்புகள். கோயில் வாசலிலும் தேநீர்க் கடையிலும் கிணற்றடியிலும் மறுக்கப்பட்ட மனித உரிமையை இவ்விலக்கியம் உரத்துக் கேட்டது. இதன் சாதனையைக் குறைத்து மதிப்பிடுபவர் வரலாற்றை அறியாதவர். ஆயினும், மதிக்கத்தக்க ஓர் இலக்கியத்தை அதன் உயர்ந்த நோக்கத்தைக் கொண்டே அளத்தல் விமர்சனத்தின் கடமை. மனித சமத்துவத்தைக் கோரிய இவ்விலக்கியத்தில் உழைப்பாளி என்ற சொல்லைக் கேட்டதும் எம் கண்முன் எழும் உருவம் பெரும்பாலும் ஆணே. பெண் அவனது தாய், அவனது மனைவி, அல்லது உயர்சாதியானின் கொடுமைக்கு இலக்காகும் அவனது சகோதரி. அவளது துயரம் அவனது கோபத்துக்கு நெருப்பூட்டுகிறது. அவள் கூலிக்குச் செல்வதும் கதையில் சொல்லப்படுவதுண்டு. ஆனால் அவள் பெற்ற கூலி எவ்வளவு, அருகில் நின்ற ஆண் பெற்றது எவ்வளவு, அந்த வேறுபாடு யாருக்கு இலாபமாயிற்று என்ற கேள்வி கதையின் முடிச்சாக எழுந்தது அருமை. சாதியின் பேரால் நிகழ்ந்த சுரண்டலைக் கண்ட கண்கள், அதே வயலில், அதே சாதிக்குள், பாலின் பேரால் நிகழ்ந்த சுரண்டலைக் கடந்து சென்றன.

இதற்கு எழுத்தாளரின் மனப்பாங்கை மட்டும் காரணமாகக் கூறுவது போதாது. மலையக இலக்கியத்தோடு ஒப்பிடும்போது ஒரு பொருளாதாரக் காரணம் புலனாகிறது. கொழுந்து பறிக்கும் பெண் அங்கே தொடக்கத்திலிருந்தே முதன்மை பெற்றாள். புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' 1930 களிலேயே இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குச் சென்ற மருதியின் கதையைச் சொல்லியது. தோட்டத்தில் பெண்ணின் பெயர் செக்ரோலில் தனியே எழுதப்பட்டிருந்தது. அவளது பேர் நாள் எண்ணப்பட்டது. அவள் தொழிற்சங்கத்தில் சந்தா கட்டினாள். கணக்கிலே பெயர் இருந்ததால் கதையிலும் பெயர் வந்தது. யாழ்ப்பாணத்துக் கூலிப் பெண்ணுக்குச் செக்ரோல் இல்லை, சங்கம் இல்லை, வேலைநிறுத்தம் இல்லை. எழுதப்படாத கணக்கு இலக்கியத்திலும் எழுதப்படாமற் போயிற்று.

1986 இல் பெண்கள் ஆய்வு வட்டம் யாழ்ப்பாணத்தில் வெளியிட்ட 'சொல்லாத சேதிகள்' கவிதைத் தொகுதி இந்நெடும் மௌனத்தைக் கலைத்த ஒரு திருப்பம். பெண் தன்னைப் பற்றித் தானே பேசத் தொடங்கினாள். வீட்டையும் போரையும் விடுதலையையும் அவள் தன் கண்ணாற் பார்த்தாள். ஆனால் பேசியவர்கள் பெரும்பாலும் கல்வி கற்ற இளம் பெண்கள். வெங்காயப் பிடி கட்டும் பெண்ணின் சேதி இன்னும் சொல்லாத சேதியாகவே உள்ளது. அதனை அவளே சொல்லும் நாள் வரவேண்டும். வரும்வரை அவளிடம் சென்று கேட்கும் கடமை எழுதத் தெரிந்தவர்களுக்கு உண்டு.

இறுதியாக ஒரு நியாயமான ஆட்சேபத்துக்கு விடை கூறுதல் வேண்டும். குடாநாட்டின் தோட்டக்காரர் பெருநிலவுடைமையாளர் அல்லர். சில பரப்புக் காணியில் கடன்பட்டுப் பயிர் செய்பவர்களே மிகப் பலர். விளைச்சல் சந்தைக்கு வரும் வேளையில் இறக்குமதி வெங்காயம் வந்து விலையை வீழ்த்துகிறது. 2021 இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது அவர்கள் பட்ட இன்னல் யாவரும் அறிந்தது. இத்தகையவர்களிடம் பெண் கூலியை உயர்த்து என்றால் எங்ஙனம் இயலும்? கேள்வி உண்மையானது. ஆனால் அதன் அடியில் ஓர் எண்ணம் மறைந்திருக்கிறது: விலை வீழ்ச்சியின் நட்டத்தை எவராவது சுமக்கவேண்டும், அவர் பெண் கூலியாளாக இருக்கட்டும் என்பதே அது. எரிபொருள் விற்பவர் விலையைக் குறைப்பதில்லை. கடன் கொடுத்தவர் வட்டியைக் குறைப்பதில்லை. ஆண் கூலியும் குறைவதில்லை. எதிர்த்துப் பேச முடியாதவளிடமே நட்டம் இறக்கிவைக்கப்படுகிறது. சிறுவிவசாயிக்கு உத்தரவாத விலையும், கூட்டுறவுச் சந்தையும், குறைந்த வட்டிக் கடனும் வேண்டும் என்று போராடுவது எமது கடமை. அப்போராட்டத்தின் செலவைப் பெண்ணின் முதுகில் ஏற்றுவது நீதியாகாது. சுரண்டப்படுபவன் தன்னினும் எளியவரைச் சுரண்டித் தப்பிப் பிழைக்கும் சமுதாயத்தில் இருவருக்கும் விடுதலை இல்லை.

செய்யவேண்டியவை யாவை? முதலாவதாக, 'ஆண் கூலி', 'பெண் கூலி' என்ற சொற்களே ஒழியவேண்டும். கொத்துக் கூலி, நடுகைக் கூலி, களைக் கூலி என்று வேலையின் பெயரால் கூலி பேசப்படுமானால், எந்த வேலைக்கு ஏன் இவ்வளவு என்று கேட்பதற்கு வாசல் திறக்கும். பாலின் பெயரால் பேசும்வரை அக்கேள்வி பிறக்கவே மாட்டாது. இரண்டாவதாக, மாதர் சங்கங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் கிராமம் தோறும் கூலிப் பதிவேடு வைக்க முற்படவேண்டும். எழுத்தில் வராத அநீதிக்குச் சட்டத்தில் பரிகாரம் இல்லை. மூன்றாவதாக, ஆசிரியர்கள் தமது பாடசாலை விளையாட்டுக் கணக்கைத் திறந்து பார்ப்பாராக. மாணவர் அணிக்கும் மாணவியர் அணிக்கும் செலவிட்ட பணம், பயிற்றுநர், மைதானத்தில் ஒதுக்கிய நேரம், பாடசாலைச் சஞ்சிகையில் ஒதுக்கிய பக்கம் ஆகியவற்றை ஒரு தாளில் இரு நிரல்களாக எழுதினால், உலகக் கிண்ணத்தின் 440 க்கும் 110 க்கும் உள்ள உறவு தமது ஊரிலும் உண்டா என்பது தெரிந்துவிடும்.

மாணவர்களிடம் எமது வேண்டுகோள் இதனிலும் எளிமையானது. விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, அறுவடைத் தோட்டத்தில் ஒரு நாள் நின்று, யார் எத்தனை மணிக்கு வந்தார், என்ன செய்தார், எத்தனை மணிக்குச் சென்றார், கையில் எவ்வளவு வாங்கினார் என்பதை ஒரு கொப்பியில் எழுதுங்கள். பெண்கள் வீட்டுக்குச் சென்ற பின் செய்த வேலையையும் சேர்த்து எழுதுங்கள். அது கவிதையாக இராது, கதையாகவும் இராது. ஆனால் நாளை எழுதப்படவேண்டிய கவிதைக்கும் கதைக்கும், நாளை நடத்தப்படவேண்டிய போராட்டத்துக்கும் அக்கொப்பியே மூலதனம். மலையகத்துப் பெண்ணின் 1984 ஆம் ஆண்டு வெற்றிக்குப் பின்னால் ஒரு செக்ரோல் இருந்தது. குடாநாட்டுப் பெண்ணுக்கு அதனை எழுதிக் கொடுக்க எழுத்தறிவுடைய ஓர் ஊர் முழுவதும் இருக்கிறது. எழுத்தறிவைப் பற்றி இவ்வளவு பெருமை பேசும் சமுதாயம், தன் பெண்களின் கூலியை எழுதாமல் விட்டதற்கு இனியும் காரணம் தேடலாகாது.